பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: மலைக்கா, பழைய நகருக்கா?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று நாள், நான்கு நாள் கப்பல் பயணங்களில் பினாங்கு அடிக்கடி வரும் நிறுத்தம். நம் ஊரிலிருந்து போகும் பல குடும்பங்கள் இந்தப் பயணத்தைத்தான் எடுக்கின்றன. தெரிந்தவர்கள் யாராவது டிக்கெட் போட்டுவிட்டால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "பினாங்கில் இறங்கி எங்கே போகலாம்?" என்பதுதான். கப்பல் நிற்பது ஒரு பகல். மலை ரயில், பெரிய புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன், கடற்கரை, பழைய நகரம் என்று கையில் ஐந்து இடங்கள். எதை விடுவது என்று தெரியாமல் ஐந்தையும் தொட்டுவிட்டு வர ஆசைப்படுகிறார்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மலைக்குப் போனேன், இரண்டாம் முறை பழைய நகரிலேயே இருந்துவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் என்று அட்டவணையில் போட்டிருந்தால், பத்து மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. கப்பலைக் கட்டி, அனுமதி கிடைத்து, வரிசை நகர்ந்து நீங்கள் தெருவுக்கு வர ஒரு மணி நேரமாவது போய்விடும். கிளம்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும் என்று அறிவிப்பார்கள். அதற்கும் அரை மணி முன்னால் திரும்பினால்தான் மனசு நிம்மதியாக இருக்கும். இதெல்லாம் போக மிஞ்சுவது ஏழு, ஏழரை மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்தால் ஆறரை. இந்த ஆறரை மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கப்பல் எங்கே நிற்கிறது என்பது பாதி முடிவு

இதே பயணத்தில் வரும் மற்ற நிறுத்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் கிள்ளானில் இறங்கினால் கோலாலம்பூர் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புக்கெட்டில் பல நேரம் பெரிய கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அங்கெல்லாம் வண்டி ஏற்பாடு இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பினாங்கு அப்படி இல்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசற்படியிலேயே இருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக 1901 முதல் 1904 வரை இருந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாமின் பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரக்குக் கப்பல்களுக்காகக் கட்டிய துறை, 2009-ல் பயணக் கப்பல் முனையமாக மாறியது. பிறகு நீட்டிக் கட்டி, இப்போது இரண்டு பெரிய கப்பல்கள் ஒரே நேரத்தில் நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது. முனையத்தின் கதவைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் வெள்ளை மணிக்கூண்டு. அதற்கு எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தமிழ்க் கடைகள் இருக்கும் தெரு. 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதியின் மையம் சுமார் 109 ஹெக்டேர். அந்த எல்லையைத் தொட உங்களுக்கு வண்டியே தேவையில்லை.

இப்படி வாசலிலேயே ஊர் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வேறு இடத்துக்குப் போவதற்கு வலுவான காரணம் வேண்டும். சிலருக்கு அந்தக் காரணம் உண்டு. அதையும் சொல்கிறேன்.

மலையும் கெக் லோக் சியும்

பினாங்கு மலை ரயில் 1923-ல் ஓடத் தொடங்கியது. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011-ல் புதுப்பித்த பிறகு ஒரே மூச்சில் மேலே போகிறது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தண்டவாளம், சில நிமிடப் பயணம். மேலே காற்று குளிர்ச்சியாக இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் நகரம், நீரிணை, எதிர்க்கரை, நீங்கள் வந்த கப்பல் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். உச்சியில் அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது, ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. அழகான இடம். அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் மலையில் இல்லை, வழியில் இருக்கிறது. ரயில் கிளம்பும் இடம் ஆயிர் ஈத்தாம் பக்கம், முனையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் போல. வெல்ட் கரையில் ஃபெர்ரிக்குப் பக்கத்தில் இருக்கும் பஸ் நிலையத்திலிருந்து 204 எண் பஸ் போகிறது. நகரத்துக்குள் நெளிந்து நெளிந்து போவதால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. வாடகைக் கார் எடுத்தால் அரை மணி. ஆனால் உங்கள் கப்பலில் வந்த ஆயிரக்கணக்கான பேரில் பெரிய கூட்டம் அதே நேரத்தில் அதே இடத்துக்குத்தான் வரும். நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை, உள்ளூர் மக்களும் சேர்ந்துவிட்டார்கள். ஏறுவதற்கு ஒன்றே கால் மணி நேரம், இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் நின்றோம். விரைவு வரிசைக்கென்று தனிக் கட்டணம் உண்டு. அது எங்களுக்கு முன்பே தெரியாது. மேலே போனபோது மேகம் மூடிக்கொண்டது. பினாங்கில் அது அடிக்கடி நடக்கும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கீழே இறங்கி கெக் லோக் சிக்குப் போனோம். 1890-களில் கட்டத் தொடங்கிய பெரிய பௌத்தக் கோயில் வளாகம் அது. 1930-ல் முடிந்த அதன் ஏழு நிலைக் கோபுரம் கீழே சீனப் பாணியிலும் நடுவே தாய்லாந்துப் பாணியிலும் உச்சியில் பர்மியப் பாணியிலும் இருக்கும். குவான் யின் தேவியின் முப்பது மீட்டர் வெண்கலச் சிலையும் உண்டு. இதை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். எங்களிடம் நாற்பது நிமிடம்தான் இருந்தது. திரும்பும் வழியில் மாலை நெரிசல். வாடகைக் காரில் இருந்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பழைய நகரத்தின் தெருக்களைக் கண்ணாடி வழியாகக் கடந்து வந்தோம். ஒரு கோபுரம் தெரிந்தது. தமிழில் எழுதிய பெயர்ப்பலகைகள் தெரிந்தன. இறங்க நேரமில்லை. அந்த நிமிடம்தான் தவறான பக்கம் வந்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது.

மலைக்குப் போவதென்றால் மலைக்கு மட்டும் போங்கள். வார நாளில், இறங்கின உடனே, விரைவு வரிசைச் சீட்டோடு. மதியத்துக்குள் நகரத்துக்குத் திரும்பிவிடலாம். மலை, கெக் லோக் சி இரண்டையும் ஒரே நாளில் செய்து, கடைத் தெருவையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கப்பல்காரர்களின் சுற்றுலா

கப்பலிலேயே விற்கும் சுற்றுலாவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: அவர்கள் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. மலைக்கோ கெக் லோக் சிக்கோ போவதாக இருந்தால், குறிப்பாக வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போவதாக இருந்தால், அந்த உத்தரவாதத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்தான்.

பழைய நகரத்துக்கு மட்டும் இந்தச் சுற்றுலாவை வாங்காதீர்கள். நடந்து போகிற தூரத்துக்கு நாற்பது பேர் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம் இறங்கி, எண்ணிக்கை சரி பார்த்து மறுபடி ஏறுவதில் நேரமெல்லாம் கரைந்துவிடும். நீங்கள் நின்று பார்க்க நினைக்கும் இடத்தில் அவர்கள் நிற்க மாட்டார்கள். அப்புறம், முனையத்துக்கும் ஊருக்கும் நடுவே கப்பல் எங்கே என்று திரும்பிப் பார்த்தாலே தெரிகிற இடத்தில், தாமதத்துக்கான உத்தரவாதம் யாருக்கும் தேவைப்படாது.

பத்து ஃபெரிங்கி கடற்கரையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பதினைந்து கிலோமீட்டர் போல வளைந்த சாலை. தங்கி ஓய்வெடுக்க வருபவர்களுக்கு நல்ல இடம். ஒரு பகலுக்கு வருபவர்களுக்கு வேண்டாம்.

தண்ணீர்மலை

நம்மவர்களில் நிறையப் பேர் கேட்பது இது. தண்ணீர்மலை என்று நாம் சொல்லும் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில், வாட்டர்ஃபால் சாலைப் பக்கம் குன்றின் மேல் இருக்கிறது. 513 படிகள். கீழே நகரத்தார் கட்டிய கோயில் 1857-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பக்கத்திலேயே 1884-ல் அமைத்த தாவரவியல் பூங்கா. மலை ரயிலை விட இது முனையத்துக்கு அருகில், வரிசைத் தொல்லையும் கிடையாது. காரில் இருபது நிமிடம் போல ஆகும். முட்டி நன்றாக இருப்பவர்கள் காலை வெயில் ஏறுவதற்குள் படியேறி இறங்கிவிட்டு, பதினொன்றரைக்குள் பழைய நகரத்துக்கு வந்துவிடலாம். பழைய நகரத்தோடு வேறு ஒன்றைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் நான் சேர்ப்பது தண்ணீர்மலையைத்தான்.

தைப்பூசத்தில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். நகரத்தாரின் வெள்ளி ரதம், 1894-ல் காரைக்குடியிலிருந்து வந்தது என்பார்கள், பினாங்கு தெருவிலிருக்கும் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு வாட்டர்ஃபால் சாலைக்குப் போகிறது. 2017 முதல் தங்க ரதம் ஒன்றும் குவீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்புகிறது. இரண்டு ரதங்களும் கிளம்பும் இடம் கப்பல் முனையத்திலிருந்து நடை தூரம். உங்கள் பயணத் தேதி அந்த நாட்களில் விழுந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். காரில் எங்கும் நகர முடியாது, நடந்து போனால் எல்லாம் கிடைக்கும்.

பழைய நகரம்

இரண்டாம் முறை நான் நடந்த வழியைச் சொல்கிறேன். ஒப்பிடுவதற்கு அதுதான் உதவும்.

மணிக்கூண்டில் தொடங்கினேன். விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக 1897-ல் சியா சென் இயோக் என்ற சீன வணிகர் கொடுத்த நன்கொடை. அறுபது ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். கட்டி முடித்தது 1902-ல். அதற்குள் ராணி இறந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்ததில் லேசாகச் சாய்ந்திருக்கிறது. நேராக நின்று பார்த்தால் தெரியும்.

எதிரே கோட்டை. 1786 ஆகஸ்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் வந்து கொடியேற்றிய இடம் இது. கெடா சுல்தானுக்குப் பாதுகாப்புத் தருவதாக நம்பவைத்து, அதற்கான ஒப்புதல் மேலிடத்தில் இல்லாமலேயே தீவை எடுத்துக்கொண்டார். முதலில் நிபோங் மரங்களை நட்டு வேலியாகத்தான் கட்டினார்கள், செங்கல் சுவர் பிறகு வந்தது. உள்ளே ஸ்ரீ ரம்பாய் என்ற டச்சு பீரங்கி இருக்கிறது, 1603 என்று பொறித்தது. நேரம் குறைவாக இருந்தால் கோட்டைக்கு உள்ளே போகாமல் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு நகருங்கள். உள்ளே இருப்பதை விட மேலானது தெருக்களில் காத்திருக்கிறது.

அந்தத் தெரு, ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். ஒரு முனையில் 1818-ல் கட்டிய புனித ஜார்ஜ் ஆலயம், வெள்ளைத் தூண்கள், விரிந்த புல்வெளி. கொஞ்சம் தள்ளி 1800 வாக்கில் எழுந்த குவான் யின் கோயில், வாசலில் ஊதுபத்திப் புகை, புறாக்கள். அடுத்து மாரியம்மன் கோயில். கடைசியில் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இத்தனையும் அரை கிலோமீட்டருக்குள். மாரியம்மன் கோயிலைத் தேடுபவர்கள் இந்தத் தெருவில் நின்றுகொண்டு முகப்பைக் காணோமே என்று குழம்புவார்கள். ராஜகோபுரமும் வாசலும் பின்பக்கத் தெருவான குவீன் தெருவைப் பார்த்திருக்கின்றன. 1833 முதல் கோயிலாக இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். அதனால் காலையில் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள். பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.

பள்ளிவாசலைக் கட்டுவித்தவர் காதர் மொகிதீன், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக அன்று நியமிக்கப்பட்டவர். கப்பித்தான் என்றால் அந்தத் தலைமைதான். தெருவுக்கே அவரால் பெயர் வந்தது. அங்கிருந்து சூலியா தெருவுக்குத் திரும்பினால், நாகூர் ஆண்டகை பெயரில் ஒரு தர்கா. நாகூரிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள், ஊரில் விட்டு வந்ததை இங்கே ஒரு தெருமுனையில் கட்டி வைத்துக்கொண்டார்கள். நாகப்பட்டினம் பக்கத்துக்காரனான எனக்கு, கப்பலிலிருந்து இறங்கி அரை மணி நேரத்தில் அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்தபோது கால் நகரவில்லை.

எங்கள் பெரிய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. தொடக்கக் காலத்தில் மேல்தளப் பயணிகளாகவே 5,000 பேருக்கு மேல் ஏற்றுவார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் கடலில். அதற்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீ விபத்துக்கு ஆளானதோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. இன்றைக்கு அதே நீரிணையில் குளிர்சாதன அறையில் தூங்கி எழுந்து, காலைச் சிற்றுண்டி முடித்து நாம் இறங்குகிறோம். அவர்கள் இறங்கி நடந்த தெருக்களைப் பார்க்காமல் மலைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் முறை அதைத்தான் செய்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

அந்தத் தெருக்களுக்குத் தமிழர் வைத்த பெயர்கள் வேறு. லெபு பாசார் என்று பலகையில் இருப்பதை அங்கே உள்ளவர்கள் கடைத் தெரு என்பார்கள். பூக்கடை, புடவைக்கடை, பாத்திரக்கடை, மசாலா வாசனை, பணம் மாற்றும் கடைகள். ரிங்கிட் மாற்ற இந்த இடம் வசதி. பினாங்கு தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன, வட்டித் தொழில் நடந்த நீளமான வீடுகள். பீச் தெரு என்று ஒன்று வரும். பெயரில்தான் கடற்கரை, கடல் கண்ணுக்கே தெரியாது. முன்பு அலை அங்கே வரைக்கும் வந்தது. 1880-களிலிருந்து கடலைத் தூர்த்து வெல்ட் கரையை உண்டாக்கினார்கள். பீச் தெருவிலிருந்து கடல் பக்கம் போகும் ஒவ்வொரு துண்டுத் தெருவுக்கும் முன்னால் 'காட்' என்ற சொல் ஒட்டியிருக்கும்: காட் லெபு சூலியா, காட் லெபு ஆர்மீனியன். காசியில் படித்துறைக்குச் சொல்லும் அதே சொல்தான். ஒரு காலத்தில் படகுகள் ஒதுங்கிய படித்துறைகளின் பெயரைத்தான் நீங்கள் தரையில் நின்று படிக்கிறீர்கள்.

சாப்பாட்டிலும் துறைமுகம் இருக்கிறது. நாசி கண்டார் என்றால் காவடித் தண்டின் இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சோறு. கண்டார் என்பது அந்தத் தண்டு. இன்றும் பல குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவதுதான் முறை. கேம்ப்பெல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா இருக்கிறது, வேறு நல்ல கடைகளும் நிறைய உண்டு. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், கடைத் தெருவைச் சுற்றி வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும்.

சாப்பிட்ட பிறகு ஆர்மீனியன் தெருப் பக்கம். 2012-ல் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியத்துக்கு எப்போதும் வரிசை நிற்கும். அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். அதே பக்கம் 1808-ஆம் ஆண்டின் ஆச்சே தெருப் பள்ளிவாசல் அமைதியாக இருக்கும். இந்த வட்டாரத்திலிருந்து மக்காவுக்குப் புனிதப் பயணம் போனவர்கள் கப்பலுக்காகக் காத்திருந்த இடம். 1906-ல் முடிந்த கூ கோங்சி குல மண்டபத்தின் மரச் செதுக்கல்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம், நுழைவுக் கட்டணம் உண்டு. கடைசியாக வெல்ட் கரையில் சீனக் குலங்களின் நீர்மேல் குடியிருப்புகள். கடலில் கால் நட்டு, பலகை பரப்பி, வீடுகள். சியூ குலத்தின் துறை பெரியது. அங்கிருந்து கரையோரமாக நடந்தால் இருபது நிமிடத்தில் உங்கள் கப்பல்.

நடையா, பெச்சாவா, பஸ்ஸா

பழைய நகரம் என்று முடிவானாலும், எப்படிச் சுற்றுவது என்ற கேள்வி வரும். நடப்பதுதான் நல்லது, ஆனால் எல்லோராலும் முடியாது. கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி என்று சொல்லும் மூடு நடைபாதை நிழல் தரும். ஆனால் அது வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும், சில இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள், தெருவில் இறங்கித்தான் சுற்றிப் போக வேண்டும். சக்கர நாற்காலியோடு அஞ்சடியில் போக முடியாது. இரண்டாம் முறை என் அத்தை கூட வந்தார். அவருக்கு முட்டிவலி. இரண்டு தெரு நடந்ததுமே உட்கார இடம் தேடினார்.

அவருக்காகப் பெச்சா எடுத்தோம். மூன்று சக்கர சைக்கிள் வண்டி. ஓட்டுபவர் பின்னால் இருந்து மிதிப்பார், நாம் முன்னால் உட்கார்ந்து தெருவை மறைப்பில்லாமல் பார்க்கலாம். மணிக்கு இவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர்களில் பலர் வயதானவர்கள். பேரம் பேசி அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். எங்களுக்கு வந்தவர் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பு அங்கே என்ன கடை இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை அன்று முழுவதும் பேசியது அதைப் பற்றித்தான். ஒரு மணி நேரம் பெச்சா, அப்புறம் கோயிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் உட்கார்ந்து ஓய்வு, மறுபடி சிறிது நடை என்று பிரித்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் பழைய நகரம் முடியும். நகருக்குள் சுற்றி வரும் இலவச பஸ் ஒன்றும் இருக்கிறது. பொறுமை இருந்தால் பயன்படும், நேரம் நெருக்கும்போது அதை நம்ப வேண்டாம்.

பழைய நகரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறுப்பும் வருகிறது. இரண்டு கப்பல்கள் சேர்ந்து நின்றால் குறுகிய தெருக்களில் ஒரே காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். சியூ துறையில் இருப்பவை வீடுகள். மக்கள் உள்ளே சமைத்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். படம் எடுக்க வேண்டாம் என்ற பலகையைப் பார்த்தும் ஜன்னலுக்குள் போனை நீட்டுபவர்களை என் கண்ணால் பார்த்தேன். நகரத்துக்குள் இன்னொரு வலியும் உண்டு. பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நீங்கியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்களும் கைத்தொழில்காரர்களும் வாடகை தாங்காமல் வெளியேறினார்கள். பிறகு பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் விடுதிகளும் காபிக் கடைகளும் வந்தன. இன்னும் மிஞ்சியிருக்கும் பூக்கட்டுபவர், ஊதுபத்தி செய்பவர், சோற்றுக்கடைக்காரர் ஆகியோரிடம் செலவழிக்கும் ரிங்கிட்டுக்கு மதிப்பு அதிகம். மதியச் சாப்பாடு கப்பலில் இலவசமாக இருக்கிறதே என்று திரும்பி ஓடாதீர்கள். இந்த ஒரு வேளையை ஊரில் சாப்பிடுங்கள்.

யாருக்கு எது

முதல் முறை போகிறவர்கள், அதிலும் தமிழர்கள், பழைய நகரத்தில் இருங்கள். படியேற முடிந்தால் காலையில் தண்ணீர்மலையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரண்டு மூன்று பேர் இருந்தால் கோயிலும் பழைய வீடும் அவர்களை ஒரு மணி நேரம்தான் பிடித்து வைக்கும். அவர்களுக்கு மலை ரயில் மறக்க முடியாத அனுபவம். அந்தக் குடும்பங்கள் வார நாளாக இருந்தால் மலைக்குப் போகலாம், வார இறுதியாக இருந்தால் கப்பல் சுற்றுலாவில் போகலாம். ஏற்கெனவே ஜார்ஜ் டவுனைப் பார்த்தவர்கள் கெக் லோக் சிக்கு மட்டும் போய் அரை நாள் நிதானமாக இருந்துவிட்டு வரலாம்.

சில கப்பல்கள் மதியத்துக்கு மேல் வந்து இரவில் கிளம்பும். அப்படியானால் வரிசை தலைகீழாகும். வெயிலில் சியூ துறைக்கும் கூ கோங்சிக்கும் போய்விட்டு, மாலை நடை திறந்ததும் மாரியம்மன் கோயில், விளக்கு போட்ட பிறகு கடைத் தெரு. எனக்குத் தெரிந்து இதுதான் எல்லாவற்றிலும் நல்ல அட்டவணை. பயணம் முடிவு செய்யும்போதே கப்பல் வரும் நேரம், கிளம்பும் நேரம், கிழமை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மலேசிய நுழைவு விதி என்ன என்பதையும், சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைய விசா செல்லுமா என்பதையும் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கிளம்பும் நாளில் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய மணியைத் தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். குடை, தண்ணீர், சில்லறை ரிங்கிட், தோளை மூட ஒரு துண்டு. அத்தை அடுத்த முறையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காக நான் இப்போதே குறித்து வைத்திருப்பது: ஒன்பதரைக்கு குவீன் தெரு கோயில், பத்தரைக்கு நாகூர் தர்கா, பிறகு கடைத் தெருவில் நிழலான ஒரு கடையில் டீ.